வெளிமாநிலத்தில் ஐந்து ஏக்கர்: பலமநேர் பக்கமா, கொள்ளேகால் பக்கமா?

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். பண்ருட்டிக்குப் பக்கத்தில் அப்பா காலத்து முந்திரித் தோப்பு இருந்தது. 2011 தானே புயலில் பாதி மரம் வேரோடு போயிற்று. மறுபடி நட்டு, ஊடே பலாவும் வைத்தோம். இப்போது ரோடு அகலமாகி நாலாபுறமும் மனை வந்துவிட்டது. பாகம் பிரித்து என் பங்கைப் போன மாதம் விற்றேன். அடுத்த வருடம் ஓய்வு. பணத்தைக் கரைக்காமல் மறுபடியும் நிலமாகவே வைத்துக்கொள்ள ஆசை.

இங்கேயே வாங்கலாமே என்பீர்கள். விலை ஒரு பக்கம். 2015 வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல், அப்போது தென்பெண்ணை ஊருக்குள் வந்தது எல்லாம் பார்த்துச் சலித்துவிட்டது இன்னொரு பக்கம். கடலை விட்டுத் தள்ளி மேட்டுப் பாங்காக ஐந்து ஏக்கர் இருந்தால் போதும். பழமரம், காய்கறி, இரண்டு மாடு.

மனதில் இருப்பவை: ஆந்திராவில் பலமநேர், மதனப்பள்ளி வட்டாரம். கர்நாடகாவில் கொள்ளேகால், ஹனூர். கேரளாவில் பாலக்காட்டுப் பக்கம். வீட்டில் கடலூரை விட்டு நிரந்தரமாக வரமாட்டேன் என்கிறார்கள். மாதத்தில் ஒரு வாரம் என்றால் சம்மதம். எந்த மாநிலம் நல்லது? பாரீஸில் இருக்கும் மச்சான் பாதிப் பணம் போட்டுச் சேர்ந்து வாங்கலாம் என்கிறார். அதையும் சொல்லுங்கள்.

அவசரக்குடுக்கை:

ஐயா, இத்தனை தூரம் போவதென்றால் இமாச்சலில் ஆப்பிள் தோட்டமே வாங்கிவிடலாமே? யூடியூபில் பார்த்தேன், சும்மா அள்ளுது.

பழைய பத்திரம்:

தம்பி, யூடியூபில் அள்ளும். பதிவாளர் ஆபீஸில் அள்ளாது. இமாச்சலில் அந்த மாநில விவசாயி அல்லாதவர் நிலம் வாங்க 118-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. அரசு அனுமதி இல்லாமல் ஒரு சென்ட்கூட நகராது. குஜராத், மகாராஷ்டிராவிலும் விவசாயி என்று காட்டினால்தான் விவசாய நிலம். நம்மைப் போன்ற வெளியூர்க்காரருக்குத் தென்மாநிலங்களில் கதவு திறந்திருக்கிறது. ஆந்திரா எப்போதும் திறந்தே இருந்தது. கர்நாடகா 2020-ல்தான் 79ஏ, 79பி பிரிவுகளை எடுத்தது. அதற்கு முன் விவசாயக் குடும்பம் இல்லாதவர், வேறு வருமானம் கூடுதலாக உள்ளவர் அங்கே வாங்க முடியாது. ஆகவே 2020-க்கு முன் வெளியூர்க்காரர் யாராவது வாங்கி இப்போது உங்களிடம் விற்கிறார் என்றால், அவர் எந்தத் தகுதியில் வாங்கினார் என்று கேளுங்கள்.

கேரளாவைப் பற்றி ஒரே பத்தி. யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் பதிவேட்டில் வயல் என்று இருந்தால் 2008 சட்டப்படி அனுமதி இல்லாமல் நிரப்பவோ மாற்றவோ முடியாது, அது தரிசாகக் கிடந்தாலும் சரி. அட்டப்பாடி பக்கம் பழங்குடியினர் நில வழக்குகள் தலைமுறை தலைமுறையாக ஓடுகின்றன. ரப்பர், காப்பித் தோட்டம் என்றால் நில உச்சவரம்பில் விலக்கு பெற்ற நிலமாக இருக்கும்; அதைத் துண்டு போட்டு வேறு வேலைக்குத் திருப்பினால் விலக்கு போய்விடும். ஐந்து ஏக்கர் ஆசைக்கு இவ்வளவு தலைவலி வேண்டாம் என்பது என் கட்சி.

சேத்தியாத்தோப்பு:

எதற்கு மாநிலம் விட்டு மாநிலம்? விருத்தாசலத்துக்கு மேற்கே போனால் மேட்டு நிலம் இல்லையா? கள்ளக்குறிச்சி, சின்னசேலம் இல்லையா? பாஷை தெரிந்த ஊர், பட்டா சிட்டா தெரிந்த ஆபீஸ். எங்கள் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கிறார்கள் என்று ஆளாளுக்கு ஓடப் பார்க்கிறார்கள். 2023-ல் வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிரில் இயந்திரம் இறங்கியதைப் பார்த்தவன் நான், அந்தப் பயம் புரிகிறது. அதற்காக ஆந்திராவா?

கெடிலக்கரை:

அண்ணே, நீங்கள் சொன்ன இடங்களையும் பார்த்தேன். பத்து ஏக்கர், பதினைந்து ஏக்கர் மொத்தமாகத்தான் கொடுப்பேன் என்கிறார்கள், அல்லது கூட்டுப் பட்டா. அங்கே நல்லது அமைந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

லாரன்ஸ் ரோடு:

நான் வாக்கப்பட்டது பலமநேருக்குப் பக்கத்துக் கிராமம். பிறந்தது திருப்பாதிரிப்புலியூர். இரண்டு மண்ணும் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

தண்ணீர் விஷயத்தில் கடலூர்க்காரருக்கு ஒரு திமிர் உண்டு. நம் காலடியில் இருப்பது மணற்பாறை அடுக்கு. போர் இறக்கினால் தண்ணீர் வந்தே தீரும், ஆழம்தான் முன்னே பின்னே. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெளிச்சத்துக்கு வந்ததே ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு போட்டபோதுதான். சுரங்கத்தில் இன்றைக்கும் கீழிருந்து முட்டும் ஊற்றுநீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் வெட்ட முடியும். அந்தப் பழக்கத்தில் நாம் வெளியே போய், "ஏக்கருக்கு ஒரு போர் போட்டுக்கலாம்" என்கிறோம்.

பலமநேர், குப்பம், மதனப்பள்ளி, எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார், முல்பாகல், நீங்கள் கேட்கும் கொள்ளேகால் எல்லாமே கருங்கல் பாறை. அங்கே தண்ணீர் பாறை வெடிப்பில்தான் ஓடும். உங்கள் குழாய் அந்த வெடிப்பில் குத்தினால் தண்ணீர், பத்தடி தள்ளினால் தூசி. எங்கள் மாமனார் நிலத்தில் ரிக் ஓடும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சாம்பல் நிறத் தூள் மட்டும் புகையாகப் பறந்துகொண்டிருந்தால் யாரும் பேசமாட்டார்கள். நடுவில் துரு ஏறினாற்போல் பழுப்புச் சில்லு வெளியே வந்தால் ஆபரேட்டர் குனிந்து எடுத்து விரலில் தேய்த்துப் பார்ப்பார். அந்தச் சில்லு, பாறையில் நீர் ஓடிய வெடிப்பு இருக்கிறது என்பதற்கு அடையாளம். அது வராமலே ஆயிரம் அடி போன போர்கள் கோலார் பக்கம் ஏராளம்.

அதனால் நிலம் பார்க்கப் போகும்போது விற்பவர் காட்டும் போரை மட்டும் பார்க்காதீர்கள். வரப்பில் நடந்து, மூடி போட்ட, கல் வைத்து அடைத்த பழைய போர் எத்தனை கிடக்கிறது என்று பாருங்கள். அடுத்த நிலத்துக்காரரிடமும் கேளுங்கள். மோட்டாரை ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினால் யார் போரிலும் தண்ணீர் கொட்டும். முந்தின நாள் முழுக்க நிறுத்தி வைத்திருப்பார்கள். ஓட விட்டுவிட்டு டவுனுக்குப் போய்ச் சாப்பிட்டு வாருங்கள். திரும்பி வரும்போதும் குழாயில் அதே கனத்தில் விழுகிறதா என்பதுதான் கேள்வி. போகும் மாதம் ஏப்ரல், மே. ஐப்பசி கார்த்திகையில் போனால் எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கும்.

மழைக் கணக்கும் வேறு. கடலூரில் வருடத்துக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. வடக்கே அனந்தபுரம் பக்கம் போகப் போக அது 550-க்கு இறங்கிவிடும். "அங்கே ஏக்கர் பாதி விலை" என்று தரகர் சொல்வார். பாதி மழை, பாதி விலை, அவ்வளவுதான்.

பழைய பத்திரம்:

அம்மா தண்ணீரைச் சொல்லிவிட்டார்கள். நான் காகிதத்தைச் சொல்கிறேன். பத்திரம் எழுதி ஓய்வு பெற்றவன். மாநிலம் எது என்பதைவிட அந்த சர்வே எண் எப்படிப் பிறந்தது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

நம் ஊரில் எல்லோரும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார்கள். முப்பது வருடத்துக்குச் சுத்தமாக இருந்தால் திருப்தி. ஆனால் வில்லங்கத்தில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டுமே. அரசு ஒரு ஏழைக்கு நிலம் ஒப்படைத்த உத்தரவு தாலுகா ஆபீஸ் கோப்பில் இருக்கும், வில்லங்கத்தில் வராது. ஆகவே வில்லங்கம் கண்ணாடி மாதிரி இருந்தும் நிலம் உங்களுடையது ஆகாமல் போகலாம்.

ஆந்திராவில் இதற்கு டி.கே.டி. பட்டா என்பார்கள். நிலமற்றவருக்கு அரசு ஒப்படைத்த நிலம். 1977 சட்டப்படி அதை விற்கக் கூடாது; வாங்கியவருக்கு உரிமை வராது, அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 2023-ல் இருபது வருடம் கடந்த ஒப்படைப்புகளுக்கு விலக்கு கொடுத்தார்கள், 2024-ல் ஆட்சி மாறியதும் அந்தப் பதிவுகளை நிறுத்தி விசாரணை வைத்தார்கள். இந்த இழுபறியில் வெளியூர்க்காரர் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். தரகர் "ஃப்ரீஹோல்டு ஆகிடுச்சு சார்" என்றால் கைகூப்பிவிட்டு வந்துவிடுங்கள். பதிவுச் சட்டம் 22ஏ பிரிவில் தடை செய்யப்பட்ட நிலங்களின் பட்டியல் அவர்கள் பதிவுத்துறை இணையதளத்திலேயே இருக்கிறது. சர்வே எண்ணைப் போட்டால் வந்துவிடும். இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பவரும் இருக்கிறார்கள்!

இன்னொரு வகை புள்ளி நிலம், அவர்கள் சுக்கல பூமி என்பார்கள். பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். அரசுடையதா, தனியாருடையதா என்று முடிவாகாமல் விட்டவை. அனுபவத்தில் இருப்பவர் உண்மையாகவே மூன்று தலைமுறையாக உழுதிருக்கலாம், இருந்தும் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும்.

கர்நாடகாவில் 1978-ம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, பி.டி.சி.எல். என்பார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அரசு கொடுத்த நிலத்தை அரசு அனுமதி இல்லாமல் விற்றால், எத்தனை கை மாறியிருந்தாலும் செல்லாது. நாள் கடந்துவிட்டது என்று வாதாட இருந்த வழியையும் 2023 திருத்தத்தில் அடைத்துவிட்டார்கள். நம்மூர் பஞ்சமி நிலம் மாதிரிதான். அது நியாயமும்கூட. அந்த நிலம் யாருக்காக ஒதுக்கப்பட்டதோ அவர்களிடம் இருக்கட்டும். சல்லிசாகக் கிடைக்கிறதே என்று நாம் போய் நிற்க வேண்டாம்.

ஆகவே ஆந்திரா என்றால் அடங்கல் (பயிர், அனுபவக் கணக்கு), 1பி (யார் பெயரில் எவ்வளவு நிலம் என்ற பதிவேடு), பட்டாதார் பாஸ்புத்தகம், 22ஏ பட்டியல். கர்நாடகா என்றால் பஹணி எனும் ஆர்.டி.சி. (உரிமை, பயிர் விவரப் பதிவேடு), முட்டேஷன் எனும் பெயர் மாற்ற நகல்கள், அரசு நிலம் கொடுத்த முதல் கிராண்ட் உத்தரவு இருந்தால் அதன் சான்றிட்ட நகல். ஒரு சர்வே எண்ணில் பகுதி மட்டும் வாங்கினால் 11ஈ ஸ்கெட்ச் (அந்தப் பகுதியை அளந்து போட்ட வரைபடம்) இல்லாமல் அங்கே பதிவு ஆகாது. அதனால் விற்பவரை முதலில் அதை எடுத்து வரச் சொல்லுங்கள்.

பாகூர் ஏரி:

பழைய பத்திரம் அய்யாவுக்கு ஒரு கும்பிடு.

புதுச்சேரிக்காரன் பார்வையில் ஒன்று சொல்கிறேன். எங்களுக்குக் கடலூரே வேற மாநிலம்தான். பாகூரிலிருந்து வண்டியை எடுத்தால் தமிழ்நாடு வரும், மறுபடி புதுச்சேரி வரும், திரும்பத் தமிழ்நாடு வரும். என் நிலத்தில் ஒரு துண்டு தமிழ்நாட்டில் இருக்கிறது. இரண்டு அரசாங்கத்துக் கிஸ்தி, இரண்டு தாலுகா ஆபீஸ், இரண்டு ரகப் பதிவேடு. அதிகாரிகளும் சலுகைகளும் வேறு வேறுதான். ஆனாலும் எனக்கு அது வெளிமாநில நிலம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. ஏன்? காலையில் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அதனால் கெடிலக்கரை அண்ணன் கேள்வியையே மாற்றிக் கேட்கலாம். எந்த மாநிலம் என்பதை விடுங்கள். ராத்திரி போன் வந்தால், "மோட்டார் எரிஞ்சுபோச்சு, பைப்பை மாடு மிதிச்சிடுச்சு" என்றால், மறுநாள் மதியத்துக்குள் போய் நிற்க முடியுமா? முடியாத இடத்தில் வாங்கிய நிலம் காவல்காரன் நிலம்.

இன்னொன்று. அளவைப் பேசும்போது ஜாக்கிரதை. நாம் குழி, காணி என்று பேசுகிறோம். 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, நூறு குழி ஒரு காணி, அதாவது 1 ஏக்கர் 32 சென்ட். கர்நாடகாவில் குண்டா, நாற்பது குண்டா ஒரு ஏக்கர். விலை பேசும்போது இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு அப்புறம் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நெல்லிக்குப்பம் கரும்பு:

ஹனூர் பக்கம் எனக்கு நிலம் இருக்கிறது. கொஞ்சம் நடைமுறை.

நல்லது முதலில். பேச்சுக்குக் கஷ்டமில்லை, மாதேஸ்வரன் மலை அடிவார ஊர்களில் தமிழ் நன்றாக ஓடும். மண் சிவப்பு. மஞ்சள், வாழை, மக்காச்சோளம், பட்டுப்புழுவுக்கு மல்பெரி எல்லாம் வரும். 10 குதிரைத்திறன் வரை பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். எப்போது வரும் என்பதுதான் வேடிக்கை. பஹணியை வீட்டிலிருந்தே கணினியில் பார்த்துக்கொள்ளலாம், பூமி திட்டம் வந்ததிலிருந்து அந்த விஷயத்தில் அவர்கள் நமக்கு அண்ணன்.

கெட்டது. யானை. காட்டோரம் இருந்து அரை மணி நேர தூரத்துக்குள் வாங்கினால் வாழையும் கரும்பும் உங்களுக்கில்லை. சோலார் வேலி போட்டேன், அது மரத்தை உருட்டி வேலி மேல் தள்ளிவிட்டு உள்ளே வந்தது! குண்டலுப்பேட்டை பக்கம் போனால் பந்திப்பூர் சூழல் உணர் மண்டலம் வேறு. வீடு, ஷெட் எது கட்டினாலும் விதி பார்க்க வேண்டும். ராத்திரிப் பயணமும் இல்லை. பந்திப்பூர் ரோடு 2009-லிருந்து ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடப்படுகிறது, திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. பாகூர்க்காரர் சொன்ன ராத்திரி போன் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்.

பெரிய விஷயம் ஒன்றை யாரும் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு வாரம்தான் இருக்கப் போகிறீர்கள். மீதி நாள் யார் பயிர் செய்வது? கர்நாடகாவில் விவசாய நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்கே சட்டத்தில் தடை. ராணுவத்தில் இருப்பவர் மாதிரி சிலருக்குத்தான் விலக்கு. எல்லோரும் வாய்ப்பேச்சாக விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தகராறு வந்தால் காட்ட உங்களிடம் காகிதம் இருக்காது, அவ்வளவுதான். நான் கூலிக்கு ஆள் வைத்து என் கணக்கிலேயே பயிர் செய்கிறேன். லாபம் பார்த்தேன் என்று சொன்னால் என் வீட்டில் சிரிப்பார்கள்.

லாரன்ஸ் ரோடு:

கரும்பு அண்ணா, யானை உங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. பலமநேர், குப்பம் ஓரம் கவுண்டின்யா சரணாலயம் இருக்கிறது, அங்கேயும் இறங்கும். காட்டிலிருந்து தள்ளி வாங்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

குத்தகை விஷயத்தில் ஆந்திரா மேல். 2019-ல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். உரிமையாளரும் சாகுபடி செய்பவரும் 11 மாத ஒப்பந்தம் போடலாம். அவருக்கு அந்தப் பயிர்மேல் கடன், காப்பீடு கிடைக்கும், நிலத்தின்மேல் உரிமை வராது. பல உரிமையாளர்கள் அப்படியும் பயந்து கையெழுத்துப் போடுவதில்லை என்பது வேறு கதை. விவசாயத்துக்குப் பகலிலேயே 9 மணி நேரம் இலவச மின்சாரம்; இதுவும் வெளியூரில் இருப்பவருக்கு லாபம்தான், ராத்திரி மோட்டார் போட ஆள் தேட வேண்டியதில்லை.

மா வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், அல்லது யோசித்து வையுங்கள். சித்தூர் வட்டாரம் முழுக்கப் பெங்களூரா மாம்பழம், கூழ் ஆலைகளை நம்பி. 2025-ல் விலை விழுந்து, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தருவதாகச் சொல்லியும் லாரிகள் ஆலை வாசலில் வரிசையில் நின்றன. வெளிமாநிலப் பழம் வரக் கூடாது என்று தடை போட்டுக் கர்நாடகாவோடு சண்டை வேறு. அந்த வருடம் பறிகூலி கொடுக்க மனமில்லாமல் மரத்தடியிலேயே விட்டவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. பால் மாடும் மல்பெரியும் மாசாமாசம் காசு கொடுக்கும், ஆனால் இரண்டுக்கும் ஆள் கூடவே இருக்க வேண்டும்.

பசுமை மனை:

அனைவருக்கும் வணக்கம். இவ்வளவு சிரமம் எதற்கு? எங்கள் திட்டத்தில் ஆந்திர எல்லையில் பராமரிப்புடன் கூடிய பண்ணை நிலம், சந்தனம், செம்மரம் நட்டே தருகிறோம். பத்து வருடத்தில் பல மடங்கு. கிளப் ஹவுஸ் உண்டு. தொடர்புக்குத் தனிச்செய்தி.

சேத்தியாத்தோப்பு:

வந்துட்டார்யா. தொண்ணூறுகளில் தேக்கு மரத் திட்டம் என்று பேப்பரில் முழுப் பக்கம் விளம்பரம் போட்டவர்களின் பேரப்பிள்ளை போலிருக்கிறது.

பழைய பத்திரம்:

பசுமை மனை அவர்களே, வாங்குபவர் பெயரில் தனி சர்வே உட்பிரிவு வருமா, பிரிக்கப்படாத பங்கா? நிலத்துக்குப் போகும் பாதை யார் பெயரில்? செம்மரத்தைச் சொந்த நிலத்தில் வளர்த்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டவோ கொண்டுபோகவோ முடியாது என்பதை விளம்பரத்தில் எழுதியிருக்கிறீர்களா? பதில் இங்கேயே பொதுவில் வரட்டும்.

பசுமை மனை:

ஐயா எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள், காபி சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்.

அவசரக்குடுக்கை:

😂😂

கெடிலக்கரை:

கேரளாவை எடுத்துவிட்டேன். கொள்ளேகால் தூரமும் குத்தகை விஷயமும் யோசிக்க வைக்கிறது. மச்சான் பங்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

வில்லியனூர் திண்ணை:

அதைச் சொல்ல நானே சரியான ஆள். எங்கள் அத்தை வீட்டார் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) குடும்பம், 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள். புதுச்சேரியில் தெருவுக்கு ஒரு வீட்டில் இந்தப் பேச்சு நடக்கும்.

உங்கள் மச்சான் இந்தியக் கடவுச்சீட்டோடு அங்கே வேலை பார்க்கிறாரா, பிரெஞ்சுக் குடிமகனாகி ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருக்கிறாரா? எதுவானாலும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் விலைக்கு வாங்க முடியாது. அந்நியச் செலாவணி விதி. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், வீடு, பிளாட் வாங்கலாம். வயல் வாங்க முடியாது. எந்த மாநிலம் போனாலும் இதே விதிதான்.

"சரி, உங்கள் பெயரில் வாங்குங்கள், என் பங்கு நமக்குள் இருக்கட்டும்" என்று அவர் சொல்வார். எல்லோரும் சொல்வது அது. பணம் அவருடையது, பெயர் உங்களுடையது, பலன் அவருக்கும் என்றால் அதற்குப் பெயர் பினாமி. 2016 திருத்தத்துக்குப் பிறகு நிலமும் போகும், ஜெயிலும் உண்டு. உறவு முறைக்கு உள்ள விலக்குகளில் மச்சான் வரமாட்டார். கூடப்பிறந்தவர்களுக்கே கூட்டு உரிமையாளராகப் பெயர் இருந்தால்தான் விலக்கு. வெளிநாட்டில் இருப்பவர் பெயரைத்தான் சேர்க்க முடியாதே! இந்தக் கதவு இரண்டு பக்கமும் பூட்டியிருக்கிறது.

அவர் தன் அக்காவுக்கு, அதாவது உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு, வங்கி வழியாக அன்பளிப்பாகக் கொடுக்கலாம், உறவுக்குள் வரி இல்லை. ஆனால் கொடுத்தால் கொடுத்ததுதான். பின்னால் பங்கு கேட்கக் கூடாது, நீங்களும் எழுதித் தரக் கூடாது. அதற்கு மனசு இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஐந்து ஏக்கரை மூன்றாக்கிக்கொள்வது உத்தமம். நிலத்தால் உறவு முறிந்த வீடுகளை எங்கள் தெருவில் வரிசையாகக் காட்டுவேன்.

கெடிலக்கரை:

தம்பிதான் அவளுக்கு, ஆமாம். இதை வீட்டில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் "மூணு ஏக்கரே போதும்" என்று பதில் வந்தது.

நெல்லிக்குப்பம் கரும்பு:

அண்ணி கெட்டிக்காரி.

பாகூர் ஏரி:

அண்ணே, விற்ற பணத்துக்கு வரி பார்த்தீர்களா? நகராட்சி எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருந்த விவசாய நிலம் என்றால் மூலதன ஆதாய வரி வரும். தூரம் 2, 6, 8 கிலோமீட்டர் என்று அந்த ஊர் மக்கள்தொகையைப் பொறுத்து மாறும், ரோடு வழியாக இல்லை, நேர்கோட்டில் அளப்பார்கள். உள்ளே விழுந்தால், கடைசி இரண்டு வருடம் அந்த நிலத்தில் நீங்களோ அப்பா அம்மாவோ விவசாயம் செய்திருந்தால், இரண்டு வருடத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கி அந்த அளவுக்கு விலக்கு பெறலாம். 1961 வருமான வரிச் சட்டத்தின் 54பி என்றால் ஆடிட்டருக்குத் தெரியும். வேறு மாநிலத்தில் வாங்கினாலும் சரிதான், உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். அதை மூன்று வருடத்துக்கு விற்கக் கூடாது. வரிக்கணக்கு காட்டும் கெடுவுக்குள் நிலம் அமையாவிட்டால் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவிடுங்கள். சாதாரண வைப்பு நிதியில் கிடந்தால் விலக்கு கேட்க முடியாது.

பதிவுச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தமிழ்நாட்டில் 9 சதவீதம், ஆந்திராவில் ஏழரை. கர்நாடகாவும் 2025-ல் பதிவுக் கட்டணத்தை ஏற்றியபின் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது.

சேத்தியாத்தோப்பு:

எல்லாம் படித்தபின் என் கட்சி இன்னும் பலமாகிவிட்டது. மூன்று ஏக்கர் என்றால் விருத்தாசலம் பக்கமே கிடைக்கும். கிஸ்தி கட்டக்கூடத் தெலுங்கு படிக்க வேண்டுமா?

லாரன்ஸ் ரோடு:

அண்ணா, எங்கள் கிராமத்தில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள். விழுப்புரத்தில் ரயில் ஏறினால் திருவண்ணாமலை, காட்பாடி வழியாகச் சித்தூரில் இறங்கலாம். காரில் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் பலமநேர். பாகூர் அண்ணன் வைத்த சோதனையில் அது தேறும்.

ஆனால் ஒன்று. ஆந்திராவில் 2020 கடைசியில் தொடங்கிய மறு நில அளவை பல கிராமங்களில் முடிந்துவிட்டது. அங்கே பழைய சர்வே எண் போய் எல்.பி.எம். எனும் புது நில எண் வந்திருக்கிறது. பத்திரத்தில் பழைய எண், பாஸ்புத்தகத்தில் புது எண், பரப்பில் சில சென்ட் கூடக் குறைய என்று நிறைய தகராறு. எந்த எண் எதுவானது என்ற பட்டியலைக் கிராமச் செயலகத்தில் கேட்டு வாங்கி, அளந்து கல் பார்த்த பிறகு விலை பேசுங்கள். மதனப்பள்ளி பக்கம் என்றால் இன்னும் உஷார். 2024 ஜூலையில் சப் கலெக்டர் ஆபீஸ் தீப்பிடித்து நிலக் கோப்புகள் எரிந்தன. விற்பவர் "ஒரிஜினல் ஆபீஸில் எரிஞ்சுபோச்சு" என்றால் உண்மையாகவும் இருக்கலாம். உண்மையாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

கெடிலக்கரை:

நல்லது. இப்படிச் செய்கிறேன். மே மாதம் பலமநேர் பக்கம் போய் ஒரு வாரம் அறை எடுத்துத் தங்கி, வாங்குவதாகச் சொல்லாமல் சுற்றிப் பார்க்கிறேன். வரும் வழியில் சின்னசேலத்தையும் பார்த்துவிடுகிறேன், சேத்தியாத்தோப்பு அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கே பிடித்தாலும் முதலில் ஒரு வருடம் ஆள் யாராவது கிடைக்கிறார்களா, தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தபின்தான் பத்திரம். ஆடிட்டரிடம் நாளைக்கே போகிறேன். சர்வே எண் கிடைத்ததும் இங்கே போடுகிறேன், பழைய பத்திரம் அய்யா ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

பழைய பத்திரம்:

பார்க்கிறேன். மூலப்பத்திரத்தின் எல்லாப் பக்கமும் வேண்டும், பின்பக்க முத்திரை உட்பட. முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பி "எப்படி இருக்கு" என்று கேட்கக் கூடாது. தெலுங்கு படிக்க அந்த ஊர்ப் பதிவாளர் ஆபீஸ் வாசலில் உள்ள எழுத்தரையே பிடியுங்கள், விற்பவர் காட்டும் எழுத்தர் வேண்டாம்.

லாரன்ஸ் ரோடு:

சர்வே எண்ணை இங்கே பொதுவில் போடாதீர்கள், தனிச்செய்தியில் அனுப்புங்கள். பசுமை மனை இன்னும் ஆன்லைனில்தான் இருக்கிறார்.